மெத்தை அறைக்குப் போன வகுப்பு

மெழுகுவத்தித் துண்டின் மேல் அழுத்தி இழுத்த நூல் பிறகு சிக்கிக்கொள்ளாது. டீச்சரின் கைகள் நூலை அப்படி இழுத்து, ஊசியில் கோத்து, வாலை நீளமாக விட்டன. மேசையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தாள்கள் மடிந்து கிடந்தன. முதுகு மடிப்பில் குத்தூசி நடுவில் ஒரு துளை போட்டது. பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஊசி நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், கீழே இறங்கி, கீழ்த்துளையில் தலைகாட்டியது.

“இப்ப நீ இழு. மெதுவா. தாள் கிழிஞ்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

எதிரே நின்ற சிறுமி நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தாள் கிழியவில்லை.

மதிய இடைவேளை முடியப் போகிறது. மூடாத சாப்பாட்டுப் பெட்டிகளின் வாசனை இரண்டாம் வகுப்பு அறையில் இன்னும் நின்றது. மணி அடித்ததும் தலைமையாசிரியர் வருவார். இந்தச் சிறுமி இதுவரை கண்ணால் பார்த்திராத ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவர் கையில் இருக்கும். அதை வாசித்துக் காட்டினால் அவள் இந்த வகுப்பில் இருப்பாள். இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு மெத்தை அறைக்குப் போக வேண்டும்.

தைத்துக்கொண்டிருந்தவரை அந்தப் பள்ளியில் எல்லாரும் ஊசி டீச்சர் என்றார்கள். அவர் காதுபடவும் சொன்னார்கள். கல்லூரி விடுமுறைகளில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் சொல்லும் கதைகளைத் தாளில் எழுதவைத்துப் புத்தகமாகத் தைத்து வகுப்பு அலமாரியில் அடுக்குவார். பெயருக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய வாய். மேல் வகுப்புகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் எதிர்த்துப் பேசினார். கடைசியில் சின்னப் பிள்ளைகளோடு கிடக்கட்டும் என்று இரண்டாம் வகுப்பிலேயே விட்டார்கள். அவர் கேட்டதும் அதைத்தான்.

பள்ளி ஆங்கிலப் பள்ளி. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே அரைகுறையாகவாவது ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிற பிள்ளைகளும் வகுப்புக்கு இரண்டொருவர் வருவார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் தலைமையாசிரியர் ஒரு ஏணி செய்து வைத்திருந்தார். நிஜமாகவே ஏணிதான்: பலகையில் வரைந்து, படிக்கு ஒரு நிறம் பூசி, கூடத்தில் மாட்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. அதே நிறப் பட்டை ஒட்டிய சின்னப் புத்தகங்கள். தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படிக்கான புத்தகத்தை அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. அவர் வருவதற்கு முன் எந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், எதற்குத் தெரியாது என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஏணி வந்த பிறகு தெரிந்தது. ஆனால் மஞ்சள் படியைத் தாண்டாதவர்களை என்ன செய்வது என்பதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் மெத்தை அறை.

விளையாட்டுச் சாமான்கள் போடும் அறை அது. குட்டிக்கரணம் போடும் ரப்பர் மெத்தைகள் சுவரோரம் அடுக்கியிருக்கும். பழைய செருப்பு வாடை அடிக்கும். அங்கே ஓர் உதவியாளரிடம் எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் தேறி வந்துவிடுவார்கள் என்பது ஏற்பாடு. போனவர்கள் திரும்பி வந்து ஊசி டீச்சர் பார்த்ததில்லை.

போன தவணை வகுப்புக்குப் புதிதாக வந்தபோது இந்தச் சிறுமி வாயே திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். பிள்ளைகள் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் அதட்டினார். அவர் முதுகு திரும்பியதும் மறுபடி பூட்டுதான். பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கும் ஒரு பெயர் உண்டு: மூக்குறிஞ்சி. வருஷம் முழுக்கச் சளி. ஆனால் கணீரென்று வாசிப்பாள். தனக்கு வாசிக்கத் தெரியும் என்பது பக்கத்துத் தெருவுக்கும் தெரிய வேண்டும் என்கிற மாதிரி வாசிப்பாள்.

தவணை முடிவில் வந்த ஏணி நாளில் தலைமையாசிரியர் குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, உட்கார்ந்தார். பூட்டு மஞ்சள் புத்தகத்தைப் பிரித்தாள். சிவப்புப் பேருந்து மலையேறும் கதை. “தி பஸ் கோஸ் அப் தி ஹில்” என்று தொடங்கி நிற்காமல் போனாள். வகுப்பே வாய் பிளந்தது. தலைமையாசிரியர் முகத்தில் ஏணியின் எல்லா நிறங்களும் வந்துபோயின. பேருந்து குளத்தோரம் நிற்கிற பக்கத்தில் அவள் “அண்ட்” என்று சொல்லி, மூக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சி, “இட் ஸ்டாப்ஸ்” என்றாள்.

அவளுக்குச் சளி இல்லை.

ஊசி டீச்சர் அவள் கண்ணைப் பார்த்தார். கண் ஜன்னலில் இருந்தது. பக்கம் மட்டும் சரியான இடத்தில் திரும்பியது.

பேசாமல் இருந்திருக்கலாம். பூட்டு மஞ்சளைத் தாண்டியவளாக மேலே போயிருப்பாள். மேல் வகுப்புப் புத்தகங்களில் படம் குறைவு, எழுத்து அதிகம். உரக்க வாசிக்கிற பக்கத்து இருக்கையும் அங்கே வாய்க்காது. மூழ்குவாள், மூழ்குவது ஒருவர் கண்ணிலும் படாது. டீச்சர் தலைமையாசிரியரைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

“சார், அவ வாசிக்கல.”

“என் காதால கேட்டேனே டீச்சர்.”

“சொன்னா சார். வாசிக்கல. நடுவுல ஒரு உறிஞ்சு உறிஞ்சினாளே, கேட்டீங்களா? அது பக்கத்துல இருக்கறவளோட உறிஞ்சு. தினம் அதே பக்கத்துல அதே இடத்துல உறிஞ்சுவா. இவ அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கா.”

“பாஸ் போடுங்கன்னு கேட்டுத்தான் என் வாசல்ல ஆள் நிக்கும். பெயில் போடுங்கன்னு வழிமறிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.”

“பெயிலும் வேண்டாம். தெரியலன்னு ஒத்துக்கிட்டு இங்கயே வெச்சுச் சொல்லித்தரணும்.”

“தெரியாதவங்களுக்குத்தானே அந்த ரூம் இருக்கு.”

“அங்க யார்கிட்ட சார் இங்கிலீஷ் பேசுவா? மெத்தைகிட்டயா? காதால கேட்டே ஒரு புத்தகத்தை முழுங்கினவ. அவளுக்குக் கேக்கறதுக்கு ஆள் வேணும். அங்க கொண்டுபோய் அடைச்சா அந்தக் காதும் போச்சு.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். திங்கக்கிழமை அனுப்பிடுங்க.”

“நான் அனுப்ப மாட்டேன்.”

“நான் அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மாலை கைகளில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். “வேலையை விட்டு எடுத்துட்டா?”

“எடுக்கட்டும்.”

“எனக்கும் ஒரு ஆள் வேணும்தான். மாட்டிக்கிட்ட லிஃப்டுகிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினா போதும். நீ போடற சத்தத்துல அது தானா ஏறிடும்.”

“சிரிக்காதீங்க. நான் தீர்மானம் பண்ணிட்டேன்.”

“அது தெரிஞ்சுதான் சிரிக்கிறேன்” என்றார் அவர்.

திங்கட்கிழமை உதவியாளர் வந்து பூட்டைக் கூட்டிப்போனார். தலையைக் குனிந்துகொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். டீச்சர் கதவு மூடும்வரை பார்த்திருந்தார். பிறகு திரும்பினார்.

“பென்சில் பெட்டி. தண்ணி பாட்டில். எல்லாரும் வரிசையில நில்லுங்க. இன்னிக்குப் பாடம் வேற ரூம்ல.”

இரண்டாம் வகுப்பு முழுவதும் தாழ்வாரம் வழியாக, கூடத்தில் மாட்டியிருந்த ஏணிக்கு அடியில், மெத்தை அறைக்குள் போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மெத்தைகளை இழுத்துப் போட்டுச் சம்மணமிட்டார்கள். கரும்பலகை இல்லாததால் டீச்சர் சிமென்ட் தரையில் சாக்பீஸால் எழுதினார். மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த பூட்டின் பக்கத்தில் மூக்குறிஞ்சி பொத்தென்று விழுந்தாள்.

“தள்ளி உக்காரு. உன் பக்கத்து இடம் என்னோடது” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவர் விசில் சார். “டீச்சர்! என் மெத்தை!”

“பாடம் நடக்குது சார்.”

“அங்க என் பிள்ளைங்க வெறுந்தரையில குட்டிக்கரணம் போட்டா மண்டை உடையும்.”

“சரியாச் சொன்னீங்க. போய் தலைமையாசிரியர்கிட்டயும் இதே சத்தத்துல சொல்லுங்க.”

விசில் சார் போய்ச் சொன்னார். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றபோது பிள்ளைகள் எல்லாரும் எழுந்து, மெத்தையில் தள்ளாடிக்கொண்டே வணக்கம் சொன்னார்கள்.

“இது என்ன கூத்து?”

“ரூம் மாத்தச் சொன்னீங்க சார். மாத்திட்டோம்.”

“அவளை மட்டும்தான் சொன்னேன்.”

“அவ என் வகுப்பு சார். வகுப்பு அங்க இருந்தா அவளும் அங்க இருக்கணும். அவ இங்க இருந்தா வகுப்பும் இங்க இருக்கும். எது வசதின்னு நீங்க சொல்லுங்க.”

அவர் போய்விட்டார். மறுநாளும் வகுப்பு அங்கேதான் நடந்தது. அதற்கடுத்த நாளும். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, டீச்சர் அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாக்பீஸை எடுத்தார். மேல் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப்பார்த்து, எங்களுக்கும் மெத்தை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். விசில் சார் தினமும் தலைமையாசிரியரின் அறை வாசலில் நின்றார். வாரக் கடைசியில் தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டு, தலைவலித் தைலத்தைப் பொட்டில் தேய்த்துக்கொண்டே பேசினார்.

“எல்லாரும் வகுப்புக்குத் திரும்புங்க. அவளும்தான். அடுத்த தவணை முடியற வரைக்கும். அன்னிக்கு நான் ஒரு புத்தகம் கொண்டு வருவேன். இந்தப் பள்ளிக்கூடத்துலயே யாரும் பாக்காத புத்தகம். வாசிக்கலன்னா மெத்தை அறை. நீங்க குறுக்க வரக்கூடாது.”

“வாசிப்பா சார்.”

“குறுக்க வரக்கூடாதுன்னு சொன்னேன்.”

“வாசிப்பான்னு நானும் சொன்னேன்” என்றார் டீச்சர். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று பள்ளி விட்டதும் அவர் நேராக லாண்டரிக்குப் போனார். பூட்டின் அம்மா அங்கே இஸ்திரி போடுகிறவர். நீராவி நடுவில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. டீச்சர் மேசையில் கை வைக்கப் போனார்.

“கையைக் காட்டுங்க!” என்றார் அம்மா. யாரென்று பார்த்ததும் பதறினார். “ஐயோ டீச்சர், பழக்க தோஷம். துணி பக்கத்துல யார் வந்தாலும் முதல்ல கையைத்தான் பாப்பேன்.”

டீச்சர் கையைக் காட்டினார். சாக்பீஸ் தூள். துடைத்துக்கொண்டார். “வீட்டுல பொண்ணு பேசுவாளா?”

“முன்னாடி வாய் ஓயாது டீச்சர். கதை கதையாச் சொல்லுவா. இப்பத்தான் நாங்க பேசறதே இல்லையே.”

“ஏன்?”

“வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே. அவங்க அப்பா லாரி ஓட்டப் போனா வர நாளாகும். எனக்குத் தெரிஞ்சது கம், ஈட், ஸ்லீப். அதைச் சொல்லிட்டு நான் சும்மா இருப்பேன். அவளும் சும்மா இருப்பா.”

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று நீராவி விட்டது.

“அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. பள்ளிக்கூடம் சொன்னது தப்பு. இன்னிக்கே வாயைத் திறந்து தமிழ்ல பேசுங்க. திட்டுங்க, கதை சொல்லுங்க, பக்கத்து வீட்டைப் பத்தி வம்பு பேசுங்க. சொல்றதுக்கு மனசுல ஏதாவது இருந்தாத்தானே அவ இங்கிலீஷ்லயும் சொல்லுவா? யாராவது கேட்டா ஊசி டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா டீச்சர்?”

“ஆகறது ஆகட்டும்.”

வகுப்பில் வேலை தொடங்கியது. பூட்டுக்கென்று தனிப் பாடம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் அதே வேலை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் வாயால் சொல்ல வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம். பூட்டு தமிழில் முணுமுணுத்தாள். மூக்குறிஞ்சிக்கும் தமிழ் தெரியும். அவள் அதை ஆங்கிலத்தில் திருப்பிக் கத்தினாள். தப்பாகத் திருப்பினால் பூட்டு அவள் கையைக் கிள்ளினாள். இப்படிக் கிள்ளிக் கிள்ளி ஒரு வாக்கியம் உருவாகும். பூட்டு அதைத் தன் வாயால் சொல்வாள். அவள் சொன்னதை, சொன்னபடியே, டீச்சர் நீளமான அட்டையில் எழுதுவார். “மை மதர் அயர்ன்ஸ் தி ஷர்ட்.”

அடுத்தது கத்தரிக்கோல். டீச்சர் அட்டையைச் சொல் சொல்லாக வெட்டி, துண்டுகளைக் குலுக்கி மேசையில் போடுவார். பூட்டு அவற்றைப் பழையபடி அடுக்க வேண்டும். முதலில் திணறினாள். வாக்கியம் அவள் வாயில் முழுதாக இருந்தது, மேசையில் உடைந்து கிடந்தது. ஒரு சொல்லைச் சொல்லி ஒரு துண்டைத் தொடுவாள். அது வேறு சொல்லாக இருக்கும். டீச்சர் திருத்த மாட்டார். “முதல் எழுத்தைப் பாரு. நீ சொன்ன சத்தம் அதுல இருக்கா?” என்பார். அவ்வளவுதான். அவள் மறுபடி தேடுவாள். சில நாள் ஒரு துண்டுகூடச் சரியாக அமையாது. சில நாள் கோபத்தில் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடுவாள். பொறுக்கி எடுப்பதும் அவள்தான்.

ஒரு நாள் காலை வகுப்பு அமைதியாக இருந்தபோது திடீரென்று ஒரு சிரிப்பு வெடித்தது. யாரும் அதுவரை கேட்டிராத சிரிப்பு. பூட்டு மேசையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் போய்ப் பார்த்தார். துண்டுகள் இப்படி இருந்தன: “தி ஷர்ட் அயர்ன்ஸ் மை மதர்.” சட்டை என் அம்மாவை இஸ்திரி போடுகிறது.

“நீயா வெச்ச?”

தலையாட்டினாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எட்டிப்பார்த்த மூக்குறிஞ்சி உரக்க வாசித்துவிட்டு அவளும் விழுந்து சிரித்தாள். இந்த வாக்கியத்தை உலகத்தில் யாரும் சொல்லிப் பூட்டு கேட்டிருக்க முடியாது. டீச்சர் தாழ்வாரத்துக்குப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுவரில் ஒரு குத்து விட்டார். கை வலித்தது. வலித்தது நன்றாக இருந்தது.

அந்தச் சட்டையை அதன்பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. சட்டை அம்மாவை இஸ்திரி போட்டது, லாரியை இஸ்திரி போட்டது, பூனையைத் தட்டையாக்கிக் கதவுக்கு அடியில் தள்ளியது. புதுச் சொல் வேண்டுமென்றால் பூட்டு கேட்டு வாங்கினாள். தாளில் தன் கையாலேயே எழுதினாள், படம் போட்டாள். இடதுபக்கத்துக்கு அதே கதையை அவள் தமிழில் சொல்ல, அம்மா லாண்டரி இடைவேளையில் எழுதிக்கொடுத்தார். அட்டையில் ஆசிரியர் பெயர் போடச் சொன்னதற்கு, பூட்டு என்று எழுதினாள்.

“உன் சொந்தப் பேரை எழுதேன்.”

“பூட்டுன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

கடைசிப் பக்கத்தை முடித்தபின் டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் வாசித்தார். ஆங்கிலத்தில் அங்கே இருந்தது இதுதான்: சட்டை தலைமையாசிரியரை இஸ்திரி போட்டது. இப்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

“இது இருக்கட்டுமா டீச்சர்?”

டீச்சர் உதட்டைக் கடித்தார். “உன் புத்தகம். நீதான் சொல்லணும்.”

“இருக்கட்டும்” என்றாள் பூட்டு.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. ஊசி நடுத்துளைக்குத் திரும்பியது. டீச்சர் முடிச்சைப் போட்டு நூலை நறுக்கினார். தலைமையாசிரியர் வந்து குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பளபளக்கும் புத்தகத்தை எடுத்தார். கூரையை விட்டு இறங்க மறுக்கும் பூனையின் கதை. பூட்டு மேசையில் கையை ஊன்றி நின்றாள். விரலை முதல் சொல்லின் அடியில் வைத்தாள்.

மெதுவாக வாசித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் நகர்ந்தது. நின்றாள், விழுங்கினாள், மறுபடி தொடங்கினாள். சில சொற்களைத் தலைமையாசிரியரே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் படத்தைப் பார்த்து “ஹவுஸ்” என்றாள். விரல் நகரவில்லை. எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்ப வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் வந்து “ரூஃப்” என்றாள். மூக்கை எங்கேயும் உறிஞ்சவில்லை. பின்வரிசையில் மூக்குறிஞ்சிதான் அடக்க முடியாமல் உறிஞ்சினாள்.

புத்தகம் முடிந்தது. தலைமையாசிரியர் நெற்றியைத் தடவினார். “போன தடவை இதைவிட நல்லா இருந்துச்சே டீச்சர்?”

“போன தடவை அந்தக் கடைசி வரிசைக்காரி வாசிச்சா சார். இன்னிக்குத்தான் இவ வாசிக்கிறா.”

“ஏணிப்படி பாத்தா மஞ்சள் தாண்டல.”

“தாண்டல.”

“நீங்களே ஒத்துக்கறீங்க.”

“தெரியலன்னு அன்னிக்கே முதல்ல சொன்னது நான்தான். யாரும் பாக்காத புத்தகத்தை வாசிக்கச் சொன்னீங்க. வாசிச்சா. ‘ஹவுஸ்’னு தப்பாச் சொல்லிட்டு, தானே திரும்பிப் போய்த் திருத்தினதைப் பாத்தீங்க. இனிமே அவ ஏறுவா. ஆனா இந்த ரூம்லதான் ஏறுவா.”

தலைமையாசிரியர் பூனைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். டீச்சர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, “எல்லாரும் தண்ணி பாட்டிலை எடுங்க” என்றார்.

வகுப்பு ஒரே துள்ளலில் எழுந்தது. யாரோ “மெத்தை!” என்று கத்தினார்கள்.

“உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!” தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார், அது அவரோடு ஒட்டிக்கொண்டு பாதி வந்தது. “டீச்சர், விசில் சார் என்னைக் கொன்னுடுவார். மஞ்சள் பட்டை தர மாட்டேன்.”

“நான் கேக்கல சார்.”

“இடம் மாறாது. இந்த வகுப்புதான். போதுமா?”

“அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கும்?”

“டீச்சர்!”

“சரி. அதை அடுத்த சண்டையில வெச்சுக்கலாம்.”

பிள்ளைகள் ஏமாற்றத்தோடு பாட்டில்களைக் கீழே வைத்தார்கள். பூட்டுக்கு எவ்வளவு புரிந்ததோ, தன் நாற்காலி தன்னுடையது என்பது புரிந்தது. மேசையிலிருந்து தைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்தபடி கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“கையைக் காட்டுங்க” என்றாள்.

தலைமையாசிரியர் ஊசி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். தலைமையாசிரியர் உள்ளங்கையை விரித்தார். மை, தைலப் பிசுக்கு. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

“அந்தப் பக்கமும்.”

திருப்பிக் காட்டினார். பூட்டு குனிந்து, விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் புத்தகத்தை அவர் கையில் வைத்தாள்.